சைனா கிராஸ், வைரஸ், 62 வருஷம் பழைய ஒரு ரிசல்ட்

இந்த எபிசோட் கடல்பாசி பற்றி. நோன்புக் காலத்துல ரோஸ் கலர்ல, வெள்ளை கலர்ல துண்டு போட்டுத் தட்டுல வரும் பாருங்க, அந்தக் கடல்பாசி. கடையில் சைனா கிராஸ் என்று கேட்டால் தருவார்கள். லேப்பில் அதற்கு அகார் என்று பெயர்.

2020 ஊரடங்கு நேரத்தில் குடும்ப குரூப்புகளில் என்னவெல்லாம் வந்தது என்று உங்களுக்கே தெரியும். மஞ்சள், இஞ்சி, ஆவி பிடிக்கிறது, நடுவுல ஒரு நாள் கடல்பாசி. மற்ற ஃபார்வர்டுகளுக்குப் பின்னால் ஒன்றும் இருக்காது. இதற்குப் பின்னால் நிஜமாகவே ஒரு ஆய்வுக் கட்டுரை இருந்தது. அமெரிக்காவின் ரென்சலர் பாலிடெக்னிக் குழு 2020 ஜூலையில் வெளியிட்டது. ஜப்பானியர்கள் சூப்பில் போடும் ஒரு பழுப்புப் பாசியிலிருந்து எடுத்த ஃபுகாய்டன் என்ற சர்க்கரைச் சங்கிலி, லேப்பில் வளர்த்த செல்களுக்குள் கொரோனா வைரஸ் நுழைவதைத் தடுத்தது. ரெம்டெசிவிரை விட வீரியம் அதிகம் என்றும் எழுதியிருந்தார்கள். செய்திகளில் அதுதான் தலைப்பு.

அந்த ஒப்பீட்டைக் கொஞ்சம் கணக்கு போட்டுப் பார்த்தேன். ஃபுகாய்டன் 83 நானோமோலார், ரெம்டெசிவிர் 770 நானோமோலார். மூலக்கூறுகளை எண்ணினால் பாசி ஜெயிக்கிறது. ஆனால் அந்தப் பாசிச் சங்கிலி ஒன்றின் எடை ரெம்டெசிவிர் மூலக்கூறு ஒன்றைப் போல நூறு மடங்குக்கும் மேல். எடையில் பார்த்தால் மில்லிலிட்டருக்கு 8.3 மைக்ரோகிராம் பாசி எதிரே, அரை மைக்ரோகிராமுக்கும் குறைவான ரெம்டெசிவிர். அதாவது பாசி கிட்டத்தட்ட 18 மடங்கு கூடுதலாகத் தேவை. ரெண்டுமே பொய் இல்ல. எந்த யூனிட்ல சொல்றோம்ங்கிறதுதான் வித்தியாசம்.

என்னை இழுத்தது வேறொரு விஷயம். இந்தக் கண்டுபிடிப்பு புதுசே இல்லை. கடல்பாசிச் சாறு வைரஸைத் தடுக்கிறது என்று முதலில் அச்சில் வந்தது 1958இல். கெர்பர் என்பவரும் கூட்டாளிகளும் முட்டைக்குள் வளரும் கோழிக்கருவுக்கு இன்ஃபுளுயன்சா பி வைரஸையும் பொன்னுக்குவீங்கி வைரஸையும் கொடுத்து, ஜெலிடியம் என்ற சிவப்புப் பாசியின் சாற்றால் அந்தக் கருவைக் காப்பாற்றிக் காட்டினார்கள். 1958க்கும் 2020க்கும் நடுவில் 62 வருஷம். இத்தனை வருஷமா லேப்ல வேலை செய்ற ஒரு பொருள், மெடிக்கல் ஷாப்ல மாத்திரையா ஏன் வரல? இன்னைக்கு எபிசோட் இந்த ஒரு கேள்விதான்.

சரி, முதல்ல சைனா கிராஸ் எப்படி லேபுக்குள்ள வந்துச்சுன்னு பாத்துடுவோம்.

அகார் என்பது மலாய்ச் சொல். 1881 வாக்கில் ஜெர்மனியில் ராபர்ட் கோக்கின் கூடத்தில் வேலை பார்த்த வால்டர் ஹெஸ்ஸே, பாக்டீரியா வளர்க்க ஜெலட்டினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். வெயில் அடித்தால் ஜெலட்டின் உருகிவிடும். சில பாக்டீரியாக்கள் அதையே தின்றுவிடும். அவர் மனைவி ஃபேனி வீட்டில் செய்யும் ஜெல்லி மட்டும் உருகாமல் நின்றது. ஜாவாவில் இருந்துவிட்டு வந்த ஒரு குடும்பத்தாரிடமிருந்து அவர் அகாரைத் தெரிந்துவைத்திருந்தார். இன்று உலகத்தில் எந்த மைக்ரோபயாலஜி லேபுக்குப் போனாலும் தட்டில் இருப்பது அந்தச் சமையலறை யோசனை. கோக் அகாரைப் பற்றி எழுதினார், ஹெஸ்ஸே தம்பதி பெயரை எழுதவில்லை. அது தனி எபிசோடுக்கான சண்டை.

அதற்கும் முன்னாலேயே நம்ம பக்கத்தில் ஒரு கதை இருக்கிறது. 1830களில் கல்கத்தாவில் இருந்த ஒஷானஸி என்ற மருத்துவர், இலங்கைக் கரையில் கிடைக்கும் பாசி ஒன்றை ஆராய்ந்து, நோயாளிகளுக்கு ஏற்ற உணவு என்று ஐரோப்பிய வைத்தியர்களுக்கு அறிமுகப்படுத்தினார். சிலோன் மாஸ், ஜாஃப்னா மாஸ் என்ற பேர்களில் அது விலைபோனது. ராமேஸ்வரம் பக்கம் கஞ்சிப்பாசி என்று சொல்வது இந்த இனத்தைத்தான். பேரிலேயே விஷயம் இருக்கு பாருங்க. காய்ச்சினா கஞ்சி மாதிரி இறுகும்.

அகார் வியாபாரம் பெரும்பாலும் ஜப்பான் கையில் இருந்தது. 1941 டிசம்பரில் பசிபிக் போர் தொடங்கியதும் வரத்து நின்றது. பாக்டீரியா வளர்க்க அகார் இல்லையென்றால் நோய் கண்டுபிடிக்கிற சோதனையும் இல்லை, தடுப்பூசி வேலையும் இல்லை. பிரிட்டன், நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா என்று ஒவ்வொரு நாடும் தன் கரையில் பாசி தேட ஆரம்பித்தது. இங்கேயும் அதே பதற்றம். இந்தியப் பாசியிலிருந்து அகார் எடுப்பது பற்றி 1943இலேயே கட்டுரை வந்துவிட்டது. திருவிதாங்கூர் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சித் துறை, அகார் தரும் பாசிக்காகத் தன் கரையை சர்வே செய்தது. 1939 முதல் 1946 வரையான அவர்களுடைய அறிக்கையில் கோஷி, ஜான் என்ற இருவர் எழுதிய பகுதி அதுதான்.

திருவிதாங்கூர் கரை என்றால் அப்போது கன்னியாகுமரியும் சேர்த்தி. 1956 நவம்பர் 1 வரைக்கும் நாங்க அந்தப் பக்கம். நான் இருக்கிற கொட்டாரத்துக்குப் பேரே அரண்மனை என்றுதான் அர்த்தம். இங்கிருந்து பைக்கில் பத்து நிமிஷம் போனால் கடல். பாறையில் பச்சையா, சிவப்பா ஒட்டியிருக்கிற பாசியில வழுக்கி விழாத பையன் இந்தப் பக்கம் இருக்க மாட்டான். அந்தப் பாறைப் பாசியை ஒரு உலகப் போர் தேடி வந்தது என்பது எங்க ஊர்ல யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

ஆனால் தொழிலாக அது நின்றது மண்டபம் பக்கம்தான். கன்னியாகுமரிக் கரையில் அலை அடிக்கிற அடிக்கு எதையும் நிதானமாகப் பறிக்க முடியாது. மன்னார் வளைகுடா, தீவுகளும் பவளப்பாறையும் மறித்த அமைதியான கடல். 1960களின் நடுவிலிருந்து அங்கே பாசி எடுப்பது வியாபாரமானது. மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கி எடுப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். அகாருக்கு மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும், ஆல்ஜினேட்டுக்குக் கட்டக்கோரையும் பக்கோடாப் பாசியும். இந்தப் பெண்களிடம் கடைசியில் திரும்பி வருவேன்.

இப்ப லேபுக்குள்ள போலாம். 1952இல் ரெனாட்டோ டல்பெக்கோ வைரஸை எண்ணுவதற்கு ஒரு எளிய வழி கண்டுபிடித்தார். தட்டில் செல்களைப் பாய் விரித்தாற்போல வளர்க்க வேண்டும். மேலே வைரஸை விட வேண்டும். அதற்கும் மேலே அகாரை ஊற்றி இறுக விட வேண்டும். அகார் மூடியிருப்பதால் வைரஸ் தட்டு முழுக்க நீந்திப் போக முடியாது. பக்கத்து செல், அதற்குப் பக்கத்து செல் என்று ஒரு வட்டமாகக் கொன்றுகொண்டே போகும். எத்தனை ஓட்டை விழுகிறதோ அத்தனை வைரஸ். இங்கே அகார் வெறும் மூடி. அப்படித்தான் எல்லாரும் நினைத்தார்கள்.

1961இல் டேக்கமோட்டோ, லீபேபர் என்ற இருவர், ஒரு எலி வைரஸின் இரண்டு வகைகளில் ஒன்று பெரிய ஓட்டையும் இன்னொன்று சின்ன ஓட்டையும் போடுவது ஏன் என்று தோண்டினார்கள். காரணம் வைரஸ் மட்டும் இல்லை, மேலே ஊற்றிய அகார். அதில் கலந்திருந்த ஒரு சர்க்கரைச் சங்கிலி ஒரு வகையைப் பிடித்து வைத்துக்கொண்டது. 1963இல் ஷூல்ட்சே, ஷ்லெசிங்கர் இருவரும் டெங்குவில் இதையே பார்த்தார்கள். அகாரை ஊறவைத்த தண்ணீரே டெங்கு வைரஸை முடக்கியது. வைராலஜிஸ்டுகள் என்ன செய்தார்கள்? அகாரை மாற்றினார்கள். மெத்தில் செல்லுலோஸ் மாதிரி வேறு மூடிக்குப் போனார்கள். நம்ம ஆளுங்க பாஷையில சொன்னா, டெஸ்ட் என்விரான்மென்ட்ல ஒரு பக், ஒர்க்அரவுண்ட் போட்டாச்சு, டிக்கெட் குளோஸ்.

என்ன நடக்கிறது என்பது பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிவானது. கடல் தண்ணீரில் சல்பேட் நிறைய. கடல்பாசிகள் தங்கள் சர்க்கரைச் சங்கிலிகளில் அந்த சல்பேட்டை ஆங்காங்கே தொங்கவிடுகின்றன. தரையில் முளைக்கும் செடிகள் பொதுவாக அப்படிச் செய்வதில்லை. சிவப்புப் பாசியின் காரஜீனன், பழுப்புப் பாசியின் ஃபுகாய்டன் இரண்டிலும் சல்பேட் அதிகம், அகாரில் கொஞ்சம். ஒவ்வொரு சல்பேட்டும் ஒரு மைனஸ் மின்னூட்டம். இப்போது நம்ம செல்லுக்கு வாருங்கள். அதன் வெளிப்புறத்திலும் சல்பேட் தொங்கும் சர்க்கரைச் சங்கிலிகள் புல் மாதிரி நிற்கின்றன. ஹெபரான் சல்பேட் என்று பெயர். நிறைய வைரஸ்கள் தங்கள் பிளஸ் மின்னூட்டம் உள்ள புரதத்தால் முதலில் பிடிப்பது இந்தப் புல்லைத்தான். பிடித்து நின்று, பிறகுதான் உள்ளே போக வாசலைத் தேடும். ஹெர்பிஸ் வைரஸ் இப்படித்தான் ஒட்டுகிறது என்று 1989இல் வூடன், ஸ்பியர் என்ற இரு ஆய்வாளர்கள் காட்டினார்கள். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் ஹெபரின் மருந்தும் இதே குடும்பம். அதுவும் ஹெர்பிஸைத் தடுக்கும் என்று 1964இலேயே தெரியும்.

ஆக, பாசிச் சர்க்கரை வைரஸைக் கொல்வதில்லை. செல்லின் புல்லைப் போலவே வேடம் போட்டு, வைரஸை முன்னாலேயே ஒட்டவைத்துக்கொள்கிறது. டெங்கு, ஹெர்பிஸ், எச்.ஐ.வி., கொரோனா என்று சம்பந்தமே இல்லாத வைரஸ்கள் எல்லாவற்றிலும் அது வேலை செய்வதற்குக் காரணம் இந்தப் பொதுவான ஒட்டுதல்தான்.

இதுல எனக்குப் பிடிச்ச ஒரு முரண் இருக்கு. அகார் நன்றாக இறுக வேண்டுமென்றால் சல்பேட் குறைய வேண்டும். தொழிற்சாலையில் காரத்தில் வேகவைத்து அதை எடுத்துவிடுவார்கள். வைரஸைப் பிடிக்கிற பாகம் எதுவோ, அதுதான் தரமான அகாருக்குக் கசடு. அதனால உங்க தட்டுல இருக்கிற ரோஸ் கலர் கடல்பாசி டெங்குவைத் தடுக்குமான்னு கேட்டா, தடுக்காது. தரமான சைனா கிராஸில் சல்பேட் குறைவு. இருந்தாலும் இவ்வளவு பெரிய சங்கிலியைக் குடல் ரத்தத்துக்குள் விடாது. ருசிக்காகச் சாப்பிடுங்க.

தமிழ்நாட்டிலும் இந்த ஆராய்ச்சி நடந்தது. 1990களில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மையத்தில் கதிரேசன், பிரேமநாதன் முதலானவர்கள் நம் கரையின் பாசி, கடற்புல், சதுப்புநிலத் தாவரம் என்று வரிசையாக எடுத்து, கோழிகளைக் கொல்லும் வெள்ளைக்கழிச்சல் வைரஸ், எச்.ஐ.வி. என்று பலவற்றின் மீது சோதித்தார்கள். பல சாறுகள் தடுத்தன. இது மாதிரிக் கட்டுரைகள் உலகம் முழுக்கக் குவிந்துகொண்டே இருந்தன. தடுத்தது, தடுத்தது, தடுத்தது. எனக்கு ஒரு கட்டத்தில் சலிப்பே வந்துவிட்டது. எல்லா டெஸ்டும் பச்சையாகவே வருகிறது என்றால், முதலில் டெஸ்டைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

மனித உடம்புக்குள் இது என்ன செய்கிறது என்று முதலில் தெரிந்துகொண்டது எய்ட்ஸ் நோயாளிகள். 1987இல் ஜப்பானியர் இருவர், டெக்ஸ்ட்ரான் சல்பேட் என்ற பொருள் லேப்பில் எச்.ஐ.வி.யைத் தடுக்கிறது என்று எழுதினார்கள். இது பாசியிலிருந்து வருவதல்ல, ஆனால் அதே வகை. சல்பேட் தொங்கும் சர்க்கரைச் சங்கிலி. ஜப்பானில் கொலஸ்ட்ரால் மாத்திரையாகப் பல வருஷமாகக் கடையில் கிடைத்தது. அமெரிக்காவில் வேறு மருந்து அநேகமாக இல்லாத நேரம். நோயாளிகள் கூட்டாகச் சேர்ந்து ஜப்பானிலிருந்து வரவழைத்து விழுங்கினார்கள். 1989இல் சோதித்துப் பார்த்தால், விழுங்கினது ரத்தத்துக்கே போய்ச் சேரவில்லை. சரி, நேராக ரத்தத்தில் ஏற்றிப் பார்ப்போம் என்று 1991இல் ஏற்றினார்கள். ரத்தத் தட்டுகள் சரிந்தன, முடி கொட்டியது, வைரஸ் புரதத்தின் அளவு கூடியது. அந்த வழி அத்தோடு மூடியது.

அப்போது மிச்சம் இருந்த யோசனை, ரத்தத்துக்குள் போகவே வேண்டாம், வைரஸ் நுழையும் இடத்திலேயே தடவிவிடலாம் என்பது. உடலுறவுக்கு முன்னால் பெண் தானே உள்ளே வைத்துக்கொள்ளும் ஒரு ஜெல். ஆணுறை போடு என்று கணவனிடம் சொல்லவே முடியாத பெண்கள் எத்தனை கோடி பேர்? யாரிடமும் அனுமதி கேட்காமல் தன்னைக் காத்துக்கொள்ள ஒரு பொருள். நான் படித்ததிலேயே இந்தப் பாசிக் கதையில் உண்மையான கனவு இது ஒன்றுதான்.

இரண்டு பெரிய சோதனைகளைச் சொல்கிறேன். முதலாவது செல்லுலோஸ் சல்பேட் ஜெல். பாசி இல்லை, ஆனால் அதே மைனஸ் சங்கிலி வித்தை. 2005இல் தொடங்கியது. பெனின், உகாண்டா, தென்னாப்பிரிக்கா, அத்தோடு இந்தியா. இந்தியாவில் இரண்டு ஊர்: கர்நாடகத்தில் பாகல்கோட், இங்கே சென்னை. ஆமா, நம்ம சென்னைதான். 2007 ஜனவரி கடைசியில் திடீரென்று நிறுத்தினார்கள். ஜெல் வைத்துக்கொண்ட பெண்களில் எச்.ஐ.வி. தொற்று கூடுதலாகத் தெரிந்தது. கடைசிக் கணக்கில் 1398 பெண்கள். மருந்து ஜெல் பக்கம் 25 தொற்று, வெறும் ஜெல் பக்கம் 16. இந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்றுதான் புள்ளிவிவரம் சொன்னது. ஆனால் காக்கவில்லை என்பது தெளிவு.

இரண்டாவது கர்ராகார்டு. இது நிஜமாகவே பாசி. காரஜீனன் ஜெல், பாப்புலேஷன் கவுன்சில் என்ற அமைப்பு உருவாக்கியது. தென்னாப்பிரிக்காவில் மூன்று இடங்கள், 6202 பெண்கள், 2004 மார்ச் முதல் 2007 மார்ச் வரை. 2008இல் முடிவு வந்தது. பாசி ஜெல் பக்கம் 134 பேருக்குத் தொற்று, வெறும் ஜெல் பக்கம் 151 பேருக்கு. கெடுதல் இல்லை, காப்பும் இல்லை. கடைசித் தடவை ஜெல் வைத்துக்கொண்டீர்களா என்று கேட்டால் நூற்றுக்கு 96 பேர் ஆமாம் என்றார்கள். திரும்பி வந்த குழாய்களைச் சாயம் போட்டுச் சோதித்தால், உண்மையில் பயன்படுத்தியது சராசரியாக 42 சதவீத உறவுகளில்தான். பெண்கள் பொய் சொன்னார்கள் என்று இதை முடித்துவிடுவது சுலபம். ஒளித்து வைக்கிற இடம், நேரம், பயம் இதையெல்லாம் யோசித்தால் அந்த 42 கூட எனக்குப் பெரிய எண்ணாகத்தான் தெரிகிறது.

பயன்படுத்தாததால் மட்டும் தோற்றதா? அங்கேதான் மருந்து ஏன் வரவில்லை என்ற கேள்விக்கு எனக்குக் கிடைத்த சரியான பதில் இருக்கிறது.

லேப்பில் வைரஸைத் தலைமுறை தலைமுறையாகத் தட்டில் வளர்க்கிறார்கள். தட்டில் இருக்கிற செல்லின் மேல் ஹெபரான் சல்பேட் புல் அடர்த்தி. அந்தப் புல்லை இன்னும் கெட்டியாகப் பிடிக்கத் தெரிந்த வைரஸ்தான் அங்கே ஜெயிக்கும். சில தலைமுறையிலேயே மேல் புரதத்தில் ஓரிரு பிளஸ் மின்னூட்டம் கூடிவிடும். 1990களின் பிற்பகுதியில் கொசு பரப்பும் சிண்ட்பிஸ் வைரஸிலும், மாட்டுக்கு வரும் கோமாரி வைரஸிலும் இதை அப்பட்டமாகக் காட்டினார்கள். தட்டில் பழகி, புல்லைக் கெட்டியாகப் பிடிக்கக் கற்ற கோமாரி வைரஸை மாட்டில் விட்டால் அது பலவீனமாக இருந்தது. மாட்டுக்குள் திரும்பப் பெருகியவை அந்தப் பிடிப்பை விட்டுவிட்டிருந்தன.

யோசிச்சுப் பாருங்க. பாசிச் சர்க்கரை எதைத் தடுக்கும்? சல்பேட் சங்கிலியைக் கெட்டியாகப் பிடிக்கும் வைரஸை. லேப்பில் எது இருக்கும்? சல்பேட் சங்கிலியைக் கெட்டியாகப் பிடிக்கப் பழகிய வைரஸ். கேள்வித்தாளும் விடைத்தாளும் ஒரே அச்சகத்துல அடிச்ச மாதிரி. எச்.ஐ.வி.யிலும் கிட்டத்தட்ட இதே கதை. எக்ஸ்4 வகையின் மேல் புரதத்தில் பிளஸ் அதிகம், லேப்பில் நெடுநாள் வளர்த்தவற்றில் பல அந்த வகை. மைனஸ் சங்கிலிகள் அதை நன்றாகத் தடுத்தன. உடலுறவில் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போவது பெரும்பாலும் ஆர்5 வகை. அதில் பிளஸ் குறைவு, மைனஸ் சங்கிலியின் பிடியும் குறைவு. போதாததற்கு விந்துவில் உள்ள புரதங்கள் ஜெல்லின் வீரியத்தைக் குறைக்கின்றன. தட்டில் அது எதுவும் இல்லை. நாங்க ஆபீஸ்ல ‘என் மெஷின்ல ஓடுதே’ன்னு சொல்லிச் சிரிப்போம். இங்கே அந்த மெஷினுக்கு வெளியே இருந்தது தென்னாப்பிரிக்கப் பெண்களும் சென்னைப் பெண்களும்.

அதற்குப் பிறகு இந்தத் துறை செல்லுக்குள் போய் வைரஸை நிறுத்தும் மருந்துகள் பக்கம் திரும்பியது. 2010இல் டெனோஃபோவிர் ஜெல் 39 சதவீதம் தொற்றைக் குறைத்தது. பாசியை எல்லோரும் மறந்தார்கள்.

மறந்திருக்க வேண்டியதும் இல்லை. 2006இல் அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் கிறிஸ் பக் குழு, கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. வைரஸைக் காரஜீனன் மிகச் சிறிய அளவிலேயே தடுக்கிறது என்று கண்டது. ஹெபரினை விட ஆயிரம் மடங்கு வீரியம். இங்கே நிலைமை வேறு. எச்.பி.வி.யை லேப் தட்டில் தலைமுறை தலைமுறையாக வளர்க்கவே முடியாது. புல்லைப் பிடிக்கிறது தட்டில் கற்ற பழக்கம் இல்லை, அதோட சொந்த சுபாவம். மாண்ட்ரியலில் 461 பெண்களிடம் நடந்த சோதனையில் காரஜீனன் ஜெல் பயன்படுத்தியவர்களுக்குப் புதுத் தொற்று மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று மேலே குறைந்தது. பெரிய வெற்றி என்று சொல்ல மாட்டேன். தடுப்பூசி இதை விட எத்தனையோ மேல். ஆனால் இது தட்டில் வந்த ரிசல்ட் இல்லை, மனிதர்களிடம் வந்த ரிசல்ட்.

மூக்கு ஸ்பிரேயும் அப்படி ஒரு நடுவாந்தர வெற்றி. ஆஸ்திரியாவின் மரினோமெட் கம்பெனி ஐயோட்டா காரஜீனனை சளிக்கு ஸ்பிரேயாக விற்றது. கொரோனா காலத்தில் அர்ஜென்டினாவில் 394 மருத்துவப் பணியாளர்களுக்கு 21 நாள் கொடுத்துப் பார்த்தார்கள். பாசி ஸ்பிரே அடித்த 196 பேரில் 2 பேருக்குத் தொற்று, வெறும் ஸ்பிரே அடித்த 198 பேரில் 10 பேருக்கு. நல்ல எண்தான். ஆனால் மொத்தமே 12 தொற்று. இதை வைத்து ஒரு மருந்தை நம்பவும் முடியாது, குப்பையில் போடவும் முடியாது. இதே மாதிரி இன்னும் பெரிய சோதனை வேண்டும். நம் நாட்டில் அதைச் செய்திருக்க எல்லா வசதியும் இருந்தது என்பது என் ஆதங்கம்.

இப்ப அந்தப் பெண்கள்கிட்ட வரேன். ஏன்னா காரஜீனனுக்கு உலகத்தில் தேவை வந்தால் அது முதலில் மோதுவது அவர்கள் கடலில்.

காரஜீனன் தரும் கப்பாஃபைகஸ் நம்ம பாசி இல்லை. பிலிப்பைன்ஸ் வகை. பாவ்நகரில் இருக்கும் மத்திய உப்பு, கடல் ரசாயன ஆராய்ச்சி நிறுவனம் 1984இல் ஜப்பான் வழியாகக் கொண்டுவந்து குஜராத்தின் ஓகாவில் வளர்த்தது. 1990களில் மண்டபத்துக்கு வந்தது. 2000 வாக்கில் பெப்சி கம்பெனி உரிமம் வாங்கி, மூங்கில் தெப்பங்களில் கட்டி வளர்க்கச் சுய உதவிக் குழுப் பெண்களைச் சேர்த்தது. ஊரில் அதற்குப் பேரே பெப்சிப் பாசி. மூச்சடக்கி முங்குவதை விட இது உடம்புக்கு நல்லது, கையில் காசும் வந்தது. 2008இல் பெப்சி விலகியது. அதே வருஷம் மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், குருசடைத் தீவில் இந்தப் பாசி தெப்பத்தை விட்டு வெளியேறி உயிருள்ள பவளத்தின் மேல் போர்வை மாதிரிப் படர்ந்து மூச்சடைக்கிறது என்று கரண்ட் சயின்ஸ் இதழில் எழுதினார்கள். அது உண்மையா, எவ்வளவு ஆபத்து என்று விஞ்ஞானிகளுக்குள் சண்டை நடந்தது. 2013க்குப் பிறகு வெப்பம் கூடிய கடலில் பயிரே பெருமளவு அழிந்தது. பெண்கள் பலர் பழையபடி முங்கப் போனார்கள்.

அந்த முங்குகிற கடல் 1986 முதல் தேசியப் பூங்கா. வனத்துறையோடு பல வருஷம் இழுபறி. பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தி, பாசி எடுக்கும் பெண்களைச் சங்கமாக்கி, மாதத்தில் 12 நாள் மட்டும் எடுப்பது என்று தாங்களே கட்டுப்பாடு வைத்து, அடையாள அட்டைக்காகப் போராடினார். 2015இல் சீகாலஜி விருது அவருக்குக் கிடைத்தது. விரலில் துணி சுற்றிக்கொண்டு பாறையில் பிய்த்து எடுக்கும் இந்தப் பெண்கள் விற்பது காய்ந்த பாசியை, கிலோ கணக்கில். ஃபுகாய்டன் அவர்கள் எடுக்கும் அதே கட்டக்கோரையில் இருக்கிறது. ஆனால் கட்டக்கோரை ஆல்ஜினேட் விலைக்குத்தான் போகிறது.

2023இல் ராமநாதபுரம் வளமாவூரில் சுமார் 127 கோடி ரூபாய் பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நட்டிருக்கிறார்கள். விதைப்பாசி, பயிற்சி, பதப்படுத்துதல் எல்லாம் ஒரே இடத்தில் என்று திட்டம். அங்கே எந்தப் பாசியை வளர்ப்பார்கள், சல்பேட்டை வைத்துக்கொண்டு எடுக்கும் நுட்பம் வருமா, அதன் விலையில் எத்தனை ரூபாய் சின்னப்பாலத்துக்குப் போகும் என்பதை இனிமேல்தான் பார்க்க வேண்டும். அந்தப் பக்கம் இருக்கிறவங்க, இல்ல பாசி எடுக்கிற வேலையில் இருக்கிறவங்க வீட்டில் யாராவது இதைக் கேட்டுக்கிட்டு இருந்தீங்கன்னா, ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. காய்ந்த கட்டக்கோரை இந்த வருஷம் கிலோ என்ன விலைக்குப் போச்சுன்னு உங்க வாயால கேக்கணும்.